உச்ச வேகம், ஏவுகணைக் கணக்கு: பந்தயக் கார், போர்க்கப்பல் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்தயக் காரையும் போர்க்கப்பலையும் ஒருசேர ரசிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலில் உச்ச வேகத்தைத்தான் கேட்பார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நீள்வட்டத் தடத்தில் இண்டிகார் (அந்நாட்டுப் பந்தயத் தொடர் ஒன்றின் கார்) மணிக்கு 370 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஃபார்முலா 1 கார் பெரும்பாலான தடங்களில் அந்த வேகத்தைத் தொடுவதே இல்லை. அப்படியானால் இண்டிகார்தான் வேகமானதா? 2019இல் இரண்டு பந்தயங்களும் ஆஸ்டின் தடத்தில் நடந்தன. தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த இண்டிகாருக்கு ஒரு சுற்று முடிக்க 1 நிமிடம் 46 விநாடி ஆனது. ஃபார்முலா 1 காருக்கு 1 நிமிடம் 32 விநாடி போதுமாக இருந்தது. அந்த 14 விநாடியில் பெரும்பங்கு வளைவுகளிலும் பிரேக் பிடிக்கும் இடங்களிலும் கிடைத்தது.

கடலில் வேக மோகத்துக்கு விலை இன்னும் அதிகம். நீரைக் கிழித்துச் செல்லத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்கை ஒட்டி உயர்கிறது. 30 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் கப்பலை 40 நாட்டுக்குக் கொண்டுபோக இரண்டேகால் மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். அமெரிக்காவின் ஃப்ரீடம் வகைக் கப்பல்கள் 40 நாட்டைத் தாண்டுவதற்காக டீசல் எஞ்சினையும் டர்பைனையும் கியர் மூலம் இணைத்தன. கடைசியில் அந்தக் கியரே தலைவலியானது. அந்த வகையில் 2018இல் சேவையில் சேர்ந்த ‘சியூ சிட்டி’ 2023இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஐந்து வருடம்கூட ஓடவில்லை!

சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்ட நேரங்களை வைத்துச் சாம்பியனைக் கணிப்பதும் வீண் வேலை. காரில் 10 கிலோ எரிபொருள் கூடினால் சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடி இழப்பு. எந்த அணி எவ்வளவு நிரப்பிக்கொண்டு ஓடியது என்பதை அணிகள் வெளியே சொல்வதில்லை.

கப்பலில் ஏவுகணைகளை வைத்து ஏவும் அறைகளை எண்ணி வெற்றியாளரை அறிவிப்பது கடற்படை ரசிகர்களின் பிரியமான பொழுதுபோக்கு. அமெரிக்காவின் ஆர்லீ பர்க் வகை நாசகாரிப் போர்க்கப்பல்களின் பிந்தைய வடிவத்தில் 96 அறைகள். இந்தியாவின் விசாகப்பட்டினம் வகையில் வான் தாக்குதலைத் தடுக்கும் பராக் ஏவுகணைக்கு 32, கப்பலையும் கரையையும் தாக்கும் பிரம்மோஸுக்கு 16. இரு மடங்கு என்று முடிவுகட்டிவிடலாமா? பர்க்கின் ஓர் அறையில் குறுகிய தூர ஏவுகணைகள் நான்கை அடக்கலாம், அல்லது நெடுந்தூரம் பாயும் டொமஹாக் ஏவுகணை ஒன்றே ஒன்றை வைக்கலாம். அன்றைய பணிக்கு எதை ஏற்றினார்கள் என்பது தெரியாமல் 96 என்பதற்குப் பொருளே இல்லை. தீர்ந்துபோனால் நிரப்பத் துறைமுகத்துக்குத்தான் திரும்ப வேண்டும். ஓடும் கப்பலில் கடலிலேயே நிரப்பும் முறையை அமெரிக்கக் கடற்படை 2024இல்தான் சோதித்துப் பார்த்தது.

‘ரேடாரின் வீச்சு 400 கிலோமீட்டர், எதுவும் தப்பாது’ என்பது அடுத்த தவறு. ரேடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது; கடலோ வளைந்து கிடக்கிறது. நீர்மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் ரேடார் இருக்கிறது, ஏவுகணை 5 மீட்டர் உயரத்தில் அலைகளை உரசிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடார் எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும், ஏவுகணை ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்குள் வந்த பிறகே கண்ணில் படும். ஒலியைவிடச் சற்றே மெதுவாக வருவதென்றால் கப்பலுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். ஒலியைப் போல் இரண்டரை மடங்கு வேகம் என்றால் அரை நிமிடம். அதற்குள் அடையாளம் கண்டு, முடிவெடுத்து, சுட்டாக வேண்டும். விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் ரேடாரை ஏற்றி உயரத்துக்கு அனுப்புவது இதனால்தான்.

புதுமையைக் கண்டதும் ‘பழையதெல்லாம் இனி காலி’ என்று எழுதிவிடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். டிரெல் அணியின் ஆறு சக்கர பி34 ஃபார்முலா 1 கார் 1976 ஸ்வீடன் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. காற்றின் எதிர்ப்பைக் குறைக்க முன்பக்கம் பத்து அங்குலச் சக்கரங்கள் நான்கு! ஆனால் அந்தச் சின்ன டயரைப் பயன்படுத்தியது அந்த ஓர் அணி மட்டுமே. டயர் நிறுவனமான குட்இயர் தன் உழைப்பை மற்ற எல்லோரும் ஓட்டிய வழக்கமான டயர்களின் மேல் செலுத்த, டிரெல்லின் முன்சக்கர டயர்கள் பின்தங்கின. 1977இல் கார் தடுமாறியது, அத்தோடு கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் ஸும்வால்ட் நாசகாரிக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். 100 கிலோமீட்டருக்கு அப்பால் கரையில் உள்ள இலக்கைத் துல்லியமாகத் தாக்க, அதற்கெனத் தனிக் குண்டோடு 155 மில்லிமீட்டர் பீரங்கி வடிவமைத்தார்கள். 32 கப்பல்கள் என்றிருந்த திட்டம் மூன்றாகச் சுருங்கியது. குண்டை வாங்க ஆளில்லாததால் ஒன்றின் விலை 8 லட்சம் டாலரைத் தொட, 2016இல் கொள்முதலே ரத்தானது. வேறு குண்டு அந்தப் பீரங்கிக்குப் பொருந்தாது. ஆகவே பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, ஹைப்பர்சானிக் (ஒலியைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் வேகமான) ஏவுகணைகளுக்கான குழாய்களைப் பொருத்த வேண்டியதாயிற்று.