சுகர் நார்மல், ஆனாலும் இன்சுலின் எதிர்ப்பு: எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சாப்பிடுவது?

வெறும் வயிற்று சுகர் 95 என்று வந்தால் பலரும் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆனால் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது, அதாவது இன்சுலின் எதிர்ப்பு இருக்கும்போது, கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். அப்படி ஈடுகட்டும் வரை சுகர் ஏறாது. வருடக்கணக்கில்கூட இது வெளியே தெரியாமல் ஓடும். அதனால் வேறு இடங்களில் பார்க்க வேண்டும்.

முதலில் கழுத்தின் பின்புறமும் அக்குளும். தோல் கறுத்து, தடவினால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருந்தால் அது அழுக்கு இல்லை. எலுமிச்சையும் பீர்க்கங்காய் நாரும் போட்டுத் தேய்த்தால் புண்தான் மிஞ்சும். அதே இடங்களில் சின்னச் சின்ன மருக்களும் வரலாம். அடுத்தது டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் வயிற்றுச் சுற்றளவை அளக்கவும். பேன்ட் சைஸ் கணக்கில் வராது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம். மாதவிலக்கு தள்ளிப்போவது, ஸ்கேனில் ஃபேட்டி லிவர், ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ் என்பவையும் இதே கதைதான். வெறும் வயிற்று சுகர் 100 முதல் 125 வரை, அல்லது கடந்த மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள்.

இனி தட்டு. அரிசியை விட்டுச் சப்பாத்திக்கோ கேழ்வரகுக்கோ மாறுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். அளவைக் குறைக்காவிட்டால் பெரிதாக ஒன்றும் மாறாது. சிறுதானியத்திலும் மாவுச்சத்தே அதிகம். நைஸாக அரைத்த ராகி மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் அது விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும்.

மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு வாங்குவதில்தான் கணக்கு எகிறுகிறது. வெந்த சோறு ஒரு கப், சுமார் 150 கிராம். அதிலேயே 40 கிராம் மாவுச்சத்து உண்டு. அதைச் சாம்பாரோடு முடித்துவிட்டு, ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடியுங்கள். தட்டில் பாதி கீரை, அவரை, கோஸ், புடலை போன்ற காய். அதைச் சோற்றுக்கு முன்பே சாப்பிட்டால் சுகர் ஏறும் வேகம் குறையும். உருளைக்கிழங்கு வறுவல் காய்க் கணக்கில் வராது, அது சோற்றுக் கணக்கு. மேலாகத் தெளிந்த சாம்பாரில் பருப்பு இருக்காது. அடியிலிருந்து கரண்டி போடுங்கள். ஆளுக்கு 30 கிராம் பருப்பு போட்டாலும் 7 கிராம் புரதம்தான் கிடைக்கும், ஆகவே முட்டையோ மீனோ ஒரு கப் சுண்டலோ கூட வேண்டும். காலையில் நான்கு இட்லி சாப்பிடுபவர் இரண்டு இட்லி, இரண்டு முட்டை என்று மாறலாம். அடைக்கு அரிசி ஒரு பங்கு என்றால் பருப்பு இரண்டு பங்கு.

காபிக்கு இரண்டு ஸ்பூன் வீதம் மூன்று வேளை என்றால் நாளுக்கு 25 கிராமுக்கு மேல் சர்க்கரை. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டிலும் மைதா இருக்கிறது.

சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்தால் வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எடை அதிகமுள்ளவர் 80 கிலோவிலிருந்து 75க்கு இறங்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரிடம் டோஸைப் பேசாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது, லோ சுகர் ஆகிவிடும். கர்ப்பிணிகளும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் கேட்டுவிட்டே மாற்றவும். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றே சுகர் பாருங்கள்.