எஸ்இஓ பிளகின்: தேர்ந்தெடுக்கும்போதும் மாற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில், எஸ்இஓ பிளகினை, அதாவது தேடுபொறிகளில் தளம் நன்றாகத் தெரிய உதவும் துணை நிரலை, மாற்றுவது மிகச் சுலபம். புதியதை நிறுவி, பழைய விவரங்களை அதற்குள் இறக்கி, பழையதை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தளமும் முன்பு இருந்தது போலவே தெரியும். அதனால்தான் இதில் நேரும் தவறுகள் கண்ணில் பட வாரக்கணக்கில் ஆகிறது. கூகுளில் இருந்து வரும் வாசகர்கள் குறைகிறார்களே என்று காரணம் தேடும்போது, பிளகின் மாற்றிய நாள் பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

இந்தப் பிளகின்கள் என்ன செய்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். நம் பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சில வரிகளை எழுதுகின்றன: தேடலில் காட்ட வேண்டிய தலைப்பு, சிறு விளக்கம், இந்தப் பக்கத்தின் அசல் முகவரி எது என்று சொல்லும் கேனானிகல், இதைத் தேடுபொறியின் பட்டியலில் சேர்க்கலாமா கூடாதா என்று சொல்லும் ரோபோட்ஸ் வரி, ஃபேஸ்புக்கிலும் வாட்ஸாப்பிலும் பகிரும்போது வரும் படம், அப்புறம் பக்கத்தில் இருப்பது என்ன வகை விவரம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்கீமா. இவற்றோடு தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் ஒன்றையும் தயாரித்துக் கொடுக்கின்றன. அந்த வரிகளை எழுதியது யோஸ்டா, ரேங்க் மேத்தா, ஆல் இன் ஒன் எஸ்இஓவா என்பதைப் பற்றிக் கூகுளுக்குக் கவலையே இல்லை. வரிகள் சரியாக இருக்கின்றனவா என்பதுதான் அதற்கு முக்கியம். பிளகினை மாற்றிய காரணத்துக்காக மட்டும் எந்தத் தளமும் மேலே ஏறிவிடாது. மாற்றும்போது அந்த வரிகள் சிதைந்தால் கீழே இறங்கலாம்.

மதிப்பெண்ணை நம்பித் தேர்ந்தெடுப்பது

யோஸ்ட் பச்சை விளக்கு காட்டும். ரேங்க் மேத் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அதிக மதிப்பெண் தருகிறது, கூடுதல் தேடல்சொற்களைச் சரிபார்க்கிறது என்று சொல்லி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுபவர்கள் நிறைய. அந்த மதிப்பெண் உங்கள் எழுதும் திரையோடு நின்றுவிடுகிறது. கூகுள் அதைப் பார்ப்பதே இல்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு சமையல் தளத்தில் 'இட்லி மாவு' என்று தேடல்சொல் கொடுக்கிறீர்கள். கட்டுரைக்குள் 'இட்லி மாவை அரைக்கும்போது', 'இட்லி மாவில் உப்பு', 'இட்லி மாவுக்கு உளுந்து' என்று இயல்பாக எழுதுகிறீர்கள். இவை எல்லாம் ஒரே சொல்தான் என்று நமக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு வேற்றுமை உருபு தெரியாது. தேடல்சொல் போதவில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டும். அதைப் பச்சையாக்க, 'இட்லி மாவு' என்பதை உருபு இல்லாமல் வாக்கியத்துக்கு வாக்கியம் திணித்து எழுதியிருக்கும் தமிழ்க் கட்டுரைகளைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. நல்ல வாக்கியத்தைக் கெடுத்து வாங்கும் பச்சை விளக்கால் ஒரு பயனும் இல்லை. தமிழ்த் தளத்துக்கு அந்த மதிப்பீட்டை நிறுத்தி வைத்துவிடுவதே மேல். யோஸ்டின் அமைப்புகளில் அதற்கு வசதி இருக்கிறது.

முகவரி விஷயத்திலும் இப்படித்தான். பதிவின் முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்துக்குறிகள். தமிழ் முகவரியைக் கணினிக்காக மாற்றும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்ளும். புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும்கூடத் தனிக் குறிகளாகவே கணக்கில் வரும். அதனால் 22 குறிகளுக்கு மேல் இடம் கிடையாது, நீளமான தமிழ்த் தலைப்பு முகவரியில் பாதியில் வெட்டுப்படும். எந்தப் பிளகினாலும் இதைத் தீர்க்க முடியாது. முகவரியைச் சுருக்கமாக நீங்களே எழுதுவதுதான் வழி. பழைய பதிவுகளின் முகவரியைப் பிளகின் மாற்றும் சாக்கில் திருத்தவும் வேண்டாம்.

வசதிகளின் பட்டியலைப் பார்த்து மயங்குவதும் இதே வகைதான். பக்கத்தின் தலைப்பகுதியில் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸைத் தேடல் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. கேள்வி பதில் ஸ்கீமா போட்டால் தேடல் முடிவில் அதிக இடம் பிடிக்கலாம் என்பது ஒரு காலத்தில் உண்மை. 2023 ஆகஸ்டில் கூகுள் அதை நன்கு அறியப்பட்ட அரசுத் தளங்களுக்கும் உடல்நலத் தளங்களுக்கும் என்று சுருக்கிவிட்டது. செய்முறை ஸ்கீமாவுக்கான சிறப்புத் தோற்றத்தை அதற்கு அடுத்த மாதம் முழுதாகவே எடுத்துவிட்டது. இவற்றுக்காகக் கட்டணப் பதிப்பு வாங்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள்.

என்னைக் கேட்டால், சின்ன வலைப்பதிவுக்கோ உள்ளூர்க் கடையின் ஐந்தாறு பக்கத் தளத்துக்கோ இந்தப் பிளகின்களில் எதுவும் போதும். தி எஸ்இஓ ஃபிரேம்வொர்க் போன்ற விளம்பரத் தொல்லை இல்லாத சிறிய பிளகின் இன்னும் நல்லது. கடை, செய்தித்தளம், பல ஆசிரியர்கள் எழுதும் தளம் என்றால்தான் யோஸ்ட், ரேங்க் மேத், எஸ்இஓபிரஸ் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அவசியம் வருகிறது. அப்போதும் முதலில் கேட்க வேண்டியது: நாளைக்கு இதை விட்டு வெளியேற வேண்டுமானால் என் விவரங்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது

புதியது பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று பழையதையும் நிறுத்தாமல் வைத்திருப்பார்கள். இரண்டும் தலைப்பகுதியில் எழுதும். கேனானிகல் வரி இரண்டு முறை வந்து, இரண்டும் வெவ்வேறு முகவரிகளைச் சொன்னால், கூகுள் பெரும்பாலும் இரண்டையுமே கண்டுகொள்ளாது. ரோபோட்ஸ் வரியில் இன்னும் மோசம். ஒரு பிளகின் சேர்க்கலாம் என்றும் இன்னொன்று சேர்க்காதே என்றும் எழுதினால், கூகுள் கடுமையான கட்டளைக்கே கட்டுப்படும். அதாவது பக்கம் பட்டியலிலிருந்து போய்விடும்.

இரண்டாவது பிளகின் எஸ்இஓ என்ற பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. பல வேலைகளைச் சேர்த்துச் செய்யும் ஜெட்பேக் பிளகினிலும் சைட்மேப் வசதி இருக்கிறது. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம்களில் சில தாங்களாகவே ஸ்கீமாவும் பகிர்வு வரிகளும் எழுதுகின்றன. வேர்ட்பிரஸே 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தனக்கென ஒரு சைட்மேப்பை வைத்திருக்கிறது. கணினியில் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்தினால் மூலநிரல் வரும். அதில் rel="canonical", name="description", name="robots" என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் வர வேண்டும்.

மாற்றும்போது தொலைந்துபோகும் விஷயங்கள்

மாற்றுவதற்கு முன் காப்புப் பிரதி எடுக்கச் சொன்னால் பலர் கோப்புகளை மட்டும் எடுத்து வைக்கிறார்கள். எஸ்இஓ விவரங்கள் எல்லாம் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அதை எடுக்காத காப்புப் பிரதி இந்த வேலைக்கு உதவாது.

காப்புப் பிரதியைவிடவும் அதிகம் உதவும் வேலை ஒன்று உண்டு, அதைச் செய்பவர்கள் குறைவு. முகப்பு, ஒரு பதிவு, ஒரு நிலையான பக்கம், ஒரு வகைப் பக்கம், ஒரு குறிச்சொல் பக்கம், ஆசிரியர் பக்கம், கடை என்றால் ஒரு பொருள் பக்கம் என்று வகைக்கு ஒன்றாக எடுத்து, அவற்றின் மூலநிரலை மாற்றத்துக்கு முன்பே சேமித்து வையுங்கள். மாற்றிய பிறகு அதே பக்கங்களை மறுபடி திறந்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கீழே சொல்லப்போகும் சிக்கல்களில் பாதி இந்த ஒப்பீட்டிலேயே சிக்கிவிடும்.

முதலில் கவனிக்க வேண்டியது தலைப்பு வார்ப்புரு, அதாவது தேடல் தலைப்பு எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் அச்சு. யோஸ்டில் பதிவுத் தலைப்பு வரும் இடத்தில் முன்னும் பின்னும் %% என்று இரட்டைக் குறி இருக்கும். ரேங்க் மேத்தில் ஒற்றை %. ஆல் இன் ஒன்னில் # குறி. இறக்குமதிக் கருவி பொதுவானவற்றை மாற்றிவிடும். தனிப்பயன் புலங்களை (பதிவில் நீங்களே சேர்த்த கூடுதல் விவரக் கட்டங்களை) வைத்து நீங்கள் எழுதிய வார்ப்புருவை அது புரிந்துகொள்ளாமல் விடலாம். அப்போது உங்கள் தலைப்புக்குப் பதிலாக அந்தச் சதவீதக் குறிகளே அப்படியே கூகுளில் போய் நிற்கும்.

அடுத்தது வகைப் பக்கங்கள். தனித்தனிப் பதிவுகளின் விவரம் ஒழுங்காக வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். வகைகளுக்கும் குறிச்சொற்களுக்கும் எழுதிய தலைப்பும் விளக்கமும் வந்தனவா என்று பார்க்க மறந்துவிடுவோம். யோஸ்ட் இவற்றைப் பதிவு விவரங்களோடு வைப்பதில்லை, வேறு இடத்தில் வைக்கிறது. அதேபோல் எந்தக் காப்பகங்களை (வகை, குறிச்சொல், ஆசிரியர் போன்ற தொகுப்புப் பக்கங்களை) பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பதற்கு ஒவ்வொரு பிளகினும் தனக்கென ஒரு முன்னிருப்பு, அதாவது நாம் எதையும் மாற்றாவிட்டால் இருக்கும் அமைப்பு, வைத்திருக்கும். அமைவு வழிகாட்டியில் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனால் அந்த முன்னிருப்புதான் உங்கள் தளத்தின் விதியாகிவிடும்.

வகை முகவரியில் வரும் 'கேட்டகரி' என்ற சொல்லை நீக்கும் வசதி யோஸ்டிலும் ரேங்க் மேத்திலும் இருக்கிறது. பழையதில் அதை நீக்கி வைத்திருந்து, புதியதில் அந்த வசதியை இயக்க மறந்தால் வகைப் பக்கங்கள் அனைத்தின் முகவரியும் ஒரே நாளில் மாறிவிடும். பழைய முகவரிக்கு வருகிறவர்கள் பக்கம் இல்லை என்ற அறிவிப்பைப் பார்ப்பார்கள், அல்லது சம்பந்தமில்லாத பக்கத்துக்குப் போய்ச் சேர்வார்கள். இது ஒரே ஒரு டிக் விஷயம்தான், ஆனால் பெரிய செய்தித்தளத்தில் இதன் சேதம் மிக அதிகம்.

பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரெக்ட்டுகள்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை. யோஸ்டின் கட்டணப் பதிப்பிலும் ரேங்க் மேத்தின் இலவசப் பதிப்பிலும் அவற்றைச் சேர்க்கும் வசதி உண்டு. பல வருடங்களாகச் சேர்த்த ரீடைரெக்ட்டுகள், பிளகினை நிறுத்திய அதே நொடியில் வேலை செய்யாமல் போகும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. வெளித்தளங்கள் உங்கள் பழைய முகவரிகளுக்குக் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். அதனால் மாற்றத்துக்கு முன்பே அவற்றை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். முடிந்தால் எஸ்இஓ பிளகினை விட்டே வெளியே எடுத்து, ரீடைரெக்‌ஷன் என்ற பெயரிலேயே இருக்கும் தனிப் பிளகினிலோ சர்வர் அமைப்பிலோ வையுங்கள். பிறகு எத்தனை தடவை எஸ்இஓ பிளகினை மாற்றினாலும் அவை பத்திரமாக இருக்கும்.

தீமுக்குள் பழைய பிளகினின் வழித்தடத்தை, அதாவது 'முகப்பு, சமையல், இட்லி' என்று மேலே வரும் பிரெட்கிரம்பை, நேரடியாக நிரலில் எழுதியிருந்தால் பிளகினை நிறுத்தியதும் தளமே திறக்காமல் போகலாம். அதைக் காட்டும் செயற்கூறு (நிரல் துண்டு) இருக்கிறதா என்று சோதித்த பிறகே அழைக்கும்படி எழுதியிருந்தால் பயமில்லை. தீம் செய்து கொடுத்தவரிடம் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதிவுகளுக்குள் பழைய பிளகினின் கேள்வி பதில் பிளாக்கைப் பயன்படுத்தியிருந்தாலும் தேடிப் பட்டியல் எடுத்து வையுங்கள். எழுத்து பக்கத்தில் தங்கும், ஸ்கீமா போய்விடும்.

கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலில், இது உங்கள் தளம் என்று உறுதிசெய்யும் குறியீட்டைப் பலர் பிளகினில்தான் ஒட்டியிருப்பார்கள். அது போனால், கூகுள் அடுத்து சரிபார்க்கும்போது உங்கள் உரிமை நீங்கிவிடும். நிலைமையைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் பார்க்கும் கருவியே கையில் இருக்காது. டொமைனின் (தளப் பெயரின்) டிஎன்எஸ் பதிவு வழியாக உறுதிசெய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

தேடுபொறிகள் தளத்தில் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. யோஸ்டின் கோப்புத் திருத்தியில் அதை உருவாக்கியிருந்தால் சர்வரில் உண்மையான கோப்பாகவே இருக்கும். பிளகினை நீக்கினாலும் அது போகாது. புதிய பிளகின் காட்டும் ரோபோட்ஸ் பெரும்பாலும் கோப்பே இல்லாத மெய்நிகர் வடிவம். உண்மையான கோப்பு இருக்கும் வரை அதற்குத்தான் முன்னுரிமை. அந்தப் பழைய கோப்பில் பழைய சைட்மேப் முகவரி இருந்தால் அதுவும் அப்படியே தொடரும். யோஸ்டுக்கும் ரேங்க் மேத்துக்கும் சைட்மேப்பின் பெயர் ஒன்றுதான். ஆல் இன் ஒன்னுக்கோ எஸ்இஓபிரஸுக்கோ போகிறவர்கள் புதிய முகவரியைச் சர்ச் கன்சோலில் கொடுக்க வேண்டும்.

மாற்றிய பிறகு

பக்கங்களின் சேமித்த நகலான கேஷை முழுவதும் காலி செய்த பிறகே ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் பழைய வரிகளைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவீர்கள். அதே நாளில் தீமையும் மாற்றி, ஹோஸ்டிங்கையும் மாற்றி, முகவரி அமைப்பிலும் கை வைத்தால், பிறகு வரும் சரிவுக்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்று.

மாற்றாமலே இருந்தாலும் கவனம் தேவைதான். 2018 மார்ச்சில் யோஸ்ட் 7.0 வெளியானபோது, படங்களுக்கான தனிப் பக்கங்களைப் படத்துக்கே திருப்பிவிடும் அமைப்பு சில தளங்களில் பிழையால் அணைந்துபோனது. உள்ளடக்கமே இல்லாத அந்தப் பக்கங்கள் கூகுள் பட்டியலில் ஏறின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அவற்றை நீக்க உதவும் தனிப் பிளகினையும் வெளியிட்டது. பெரிய பதிப்பு எண் மாறும் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மேலே சொன்ன மாதிரிப் பக்கங்களை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையைச் சில வாரங்களுக்குத் தொடர்ந்து பாருங்கள். 'நோஇண்டெக்ஸ் குறியால் விலக்கப்பட்டவை' என்ற எண்ணிக்கையோ, பக்கம் இல்லை என்ற எண்ணிக்கையோ திடீரென்று ஏறினால் மேலே சொன்னவற்றில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அதைத் தேடித் திருத்துங்கள். பதறிப்போய் ஒரே வாரத்தில் பழைய பிளகினுக்குத் திரும்ப வேண்டாம். அந்த வாரத்தில் புதியதில் எழுதிய விவரங்கள் பழையதில் இருக்காது, குழப்பம் இரட்டிப்பாகும்.

அதுவரை பழைய பிளகின் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கட்டும், அழிக்க வேண்டாம். நீக்கும்போது தரவையும் சேர்த்து அழிப்பதாக ஒரு டிக் அதன் அமைப்புகளில் இருக்கிறதா என்று, அதை நிறுத்துவதற்கு முன்பே பாருங்கள். இறக்குமதி சரியாக நடந்ததில் உறுதி இருந்தால் மட்டும் அதை இயக்குங்கள்.