கரண்ட் ஸ்கூட்டர் வந்திட்டுது, இனி? வன்னி ஒழுங்கைகளுக்கு ஒரு செய்முறை

லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ சொந்தக்காரர் ஆரோ பெட்டியடித்து அனுப்பின நாலுசில்லு கரண்ட் ஸ்கூட்டர் இப்ப உங்கட முற்றத்தில் நிற்குது. கால் ஏலாத அப்பாவுக்கோ அக்காவுக்கோ வந்த சாமான். கூட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீசு. அதுவும் சீமெந்து நடைபாதை உள்ள ஊருக்கு எழுதினது. கிறவல் ஒழுங்கையும் தாம்போதியும் அந்தப் புத்தகத்தில் இல்லை. எங்கட சித்தப்பாவுக்கு ஒன்று வந்து, பிறகு விசுவமடுப் பக்கம் இன்னும் சில வீடுகளில் இதே சாமானைத் திருத்திக் குடுத்ததில் தெரிஞ்சதை எழுதுறன். சாவி எது, ஹோர்ன் எது, கூடை எங்க கொழுவுறது என்றெல்லாம் எழுதேல்ல. அதெல்லாம் ஏறி இருந்தால் தானாகப் பிடிபடும்.

படி 1: சார்ஜரைச் செருக முதல் அதின்ர முதுகை வாசியுங்கோ

பெட்டி உடைச்ச உடனே எல்லாரும் செய்யிறது சார்ஜரைக் கொண்டுபோய்ச் சுவரில் செருகிறது. அதைத்தான் செய்யக்கூடாது. சார்ஜரைத் திருப்பிப் பாருங்கோ, ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். ‘இன்புட்’ என்ற வரியில் 100–240 என்றோ 220–240 என்றோ வோல்ற் போட்டிருந்தால் பயமில்லை. 115 என்று மட்டும் இருந்தால் செருக வேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக் கரண்ட் 120 வோல்ற், எங்களுக்கு 230. தருமபுரத்தில் ஒரு வீட்டில் செருகின கையோடு ‘டப்’ என்றொரு சத்தம், பிறகு பிளாஸ்ரிக் எரிஞ்ச மணம். நல்லகாலம், மற்றப் பக்கம் ஸ்கூட்டரில் கொழுவியிருக்கேல்ல, சார்ஜரோட போச்சு.

சில சார்ஜரின் பக்கவாட்டில் நகத்தால் தள்ளுற அளவில் ஒரு சின்னச் சிவப்புச் சுவிச் இருக்கும். ஒரு பக்கம் 115, மற்றப் பக்கம் 230. கனடாவில் இருந்து வந்தது 115இல்தான் நிற்கும். தள்ளிப்போட்டுச் செருகுங்கோ.

அடுத்தது ‘அவுட்புட்’ வரி. பெரும்பாலான ஸ்கூட்டருக்கு 24 வோல்ற். அம்பியர் 2, 5, 8 என்று ஏதாவது இருக்கும். அது பற்றரிக்குப் பொருந்த வேணும். 35 அம்பியர்-அவர் (பற்றரி எவ்வளவு கொள்ளும் என்ற அளவு) பற்றரிக்கு 5 அம்பியர் நல்லது. 2 அம்பியர் சார்ஜர் விடிய விடியக் கிடந்தும் நிரப்பாது. சின்ன 12 அம்பியர்-அவர் பற்றரிக்கு 8 அம்பியர் குடுத்தால் அவிஞ்சுபோகும். லித்தியம் பற்றரி வைச்ச ஸ்கூட்டர் என்றால் அதுக்கென்று வந்த சார்ஜர் மட்டும்தான், மாத்தி மாத்திக் கொழுவ வேண்டாம்.

பிளக் விசயம்: லண்டன் சாமானுக்குச் சதுரக்கால் பிளக், உள்ளுக்குப் பியூஸ் இருக்கும். பழைய வீட்டு வட்டத்துளைப் பேஸுக்கு ஆடுற அடாப்ரர் ஒன்றைப் போட்டு இரவு முழுக்க விடுறது எனக்குத் துண்டறப் பிடிக்காத வேலை. அடாப்ரரைத் தொட்டுப் பார்த்தால் சுடும். வயறிங் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுச் சதுரத்துளைப் பேஸ் ஒன்று பூட்டுங்கோ. பியூஸ் உள்ள பிளக்கை வெட்டி எறிய வேண்டாம்.

படி 2: பற்றரி

இருக்கைக்குக் கீழே 12 வோல்ற் பற்றரி ரெண்டு, ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொழுவி 24 வோல்ற். கப்பலிலும் துறைமுகத்திலும் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்து வந்திருக்கும். ஈயப் பற்றரியை வெறுமையாகக் கிடக்க விட்டால் உள்தகட்டில் சல்பேற் படிஞ்சு இறுகிப்போகும், பிறகு எவ்வளவு ஏத்தினாலும் பிடிக்காது. வந்த ஸ்கூட்டர் ஓடேல்ல என்று மோட்டரைக் கழட்ட முதல் பற்றரியைச் சந்தேகப்படுங்கோ.

மல்ரிமீற்றர் ஒன்று வாங்குங்கோ. ஸ்கூட்டருக்கென்று ஒரே ஒரு சாமான் வாங்கக் காசிருந்தால் அதுதான், விலைகுறைஞ்சதே போதும். முழுக்கச் சார்ஜ் ஏத்தி, கழட்டி, சில மணித்தியாலம் விட்டு அளவுங்கோ. ரெண்டும் சேர்த்து 25.5 வோல்ற் அளவில் காட்டினால் நல்லது. வெளியே போன இடத்தில் நிப்பாட்டி அளந்து 24க்குக் கீழே இறங்கியிருந்தால் பாதிக்கு மேல் தின்றாச்சு, வீட்டுக்குத் திரும்புங்கோ. தனித்தனியாக அளந்து ஒன்று 12.8, மற்றது 11.9 என்று காட்டினால் அந்த ரெண்டாவதுதான் கள்ளன். ஆனால் மாத்தேக்க ரெண்டையும் சேர்த்து மாத்துங்கோ, ஒரே கம்பனி, ஒரே அளவு. புதுசையும் பழசையும் சோடி சேர்த்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

இனி, கடையில் நடக்கிறது. “தம்பி, இதுக்கு ஏன் அந்த விலைப் பற்றரி? ஓட்டோப் பற்றரி ரெண்டு போட்டுவிடுறன், பறக்கும்” என்பினம். போட்டால் ஓடும்தான். ஆனால் அது இஞ்சினை உதைச்சுக் கிளப்பிறதுக்கு ஒரு நொடி கரண்ட் குடுக்கச் செய்தது. மெல்ல மெல்ல ஆழமாக இறங்கி ஏறுற வேலைக்கு அதின்ர தகடு தாங்காது, கெதியில் படுத்துவிடும். சரிஞ்சால் அசிட்டும் ஊத்துப்படும், அதுக்கு மேலதான் ஆள் இருக்கிறார். கேட்க வேண்டியது, அடைச்ச ‘டீப் சைக்கிள்’ பற்றரி. கம்பியூட்டர் யூபிஎஸ்ஸுக்குப் போடுற பற்றரியும் அளவு சரியாக இருக்கிறதால் தள்ளிவிடப் பார்ப்பினம். அதுவும் வேண்டாம்.

சார்ஜ் போடுற ஒழுங்கு: சாவியை நிப்பாட்டி, முதல் ஸ்கூட்டரில் கொழுவி, பிறகு சுவர்ச் சுவிச்சைப் போடுங்கோ. கழட்டேக்க மறுவளம். கொஞ்ச தூரம் ஓடியிருந்தாலும் அன்றிரவே போடுங்கோ. “முழுக்க இறங்கட்டும், பிறகு போடுவம்” என்பது ஈயப் பற்றரிக்குச் சரிவராத கதை. பங்குனி, சித்திரை வெயிலில் ஓடி வந்த சூட்டோடயும் போடவேண்டாம். பற்றரியின் ஆயுளைத் தின்னுறது சூடுதான். பொழுதுபட்டு ஆறினபிறகு, காற்றுப்படுற விறாந்தையில் போடுங்கோ. சார்ஜருக்கு மேல் துவாய் காயப்போடுறது, கட்டிலுக்குக் கீழே வைச்சுச் சார்ஜ் பண்ணுறது ரெண்டும் வேண்டாம். பச்சை லைற் வந்த பிறகும் ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டால் நல்லது. இடி முழங்கினால் சுவரில் இருந்து கழட்டிவிடுங்கோ.

படி 3: பின்பக்கத் தள்ளுற லீவர்

இதில்தான் ஆள் விழுறது. அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

இந்த ஸ்கூட்டரில் பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடிக்கிற வேலை இல்லை. பெருவிரலால் லீவரை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். நின்றபிறகு மோட்டரோட உள்ள காந்தப் பிரேக் தானாகப் பிடிச்சுக்கொள்ளும். கரண்ட் இல்லாட்டியும் பிடிச்சபடிதான். அதாலதான் சாவி நிப்பாட்டின ஸ்கூட்டரைத் தள்ள ஏலாது.

தள்ள வேணும் என்றால் பின்சில்லுக்குக் கிட்ட, பெரும்பாலும் சிவப்பு அல்லது மஞ்சளில், ஒரு லீவர் இருக்கும். அதை மாத்தினால் மோட்டர் விடுபட்டுச் சில்லு லேசாக உருளும். கூடவே பிரேக்கும் விடுபடும். இப்ப அந்த ஸ்கூட்டருக்குப் பிரேக்கே இல்லை. தட்டை நிலத்தில் தெரியாது. குளக்கட்டில் ஏறி நிற்கேக்க பற்றரி இறங்கிப்போச்சு, பொடியள் “நாங்கள் தள்ளுறம் அண்ணை” என்று ஆளை மேலே வைச்சபடி லீவரை மாத்துறாங்கள் என்று வையுங்கோ. ஆளோட சேர்த்து நூறு கிலோவுக்கு மேல். சரிவில் அதை நாலு பொடியளாலும் பிடிக்க ஏலாது.

ஆள் இறங்கினபிறகுதான் அந்த லீவரில் கை வைக்கலாம். இறங்க ஏலாத ஆள் என்றால், சில்லுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் கல்லு வைச்சு, ஆளை வேறு கதிரைக்கு மாத்தி, பிறகு. வீட்டில் உள்ள எல்லாரையும், பக்கத்து வீட்டுப் பொடியளையும் கூப்பிட்டு லீவரைக் காட்டிச் சொல்லிவையுங்கோ. நான் லீவருக்குப் பக்கத்தில் பெயின்றால் ‘ஆள் இருக்க மாத்தாதே’ என்று எழுதிவிட்டிருக்கிறன். வடிவில்லைத்தான்.

படி 4: ஓடப் பழகுறது

வேகத் திருகியை ஆமைப் படத்தில் வைச்சு முற்றத்தில் தொடங்குங்கோ. பின்னுக்கு எடுக்கிறதும் திரும்புறதும் வீட்டு வளவிலேயே கைவர வேணும், பிறகு ஒழுங்கை. ஏற, இறங்க முதல் சாவியைக் கழட்டுங்கோ. ஹாண்டிலைப் பிடிச்சு எழும்பேக்க பெருவிரல் லீவரில் பட்டால் ஸ்கூட்டர் பாயும்.

சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கோ. குறுக்கால, சாய்வாகப் போனால்தான் பிரளும். ஏறேக்க உடம்பை முன்னுக்குச் சாயுங்கோ. ஒரு கால் இல்லாத ஆளுக்குப் பாரம் ஒரு பக்கம் கூடும், அதால இடுப்புப் பெல்ற் கட்டாயம். மூன்று சில்லு ஸ்கூட்டர் வீட்டுக்குள் திரும்பச் சுகம். எங்கட ஒழுங்கைக்கு நான் நாலு சில்லுதான் சொல்லுவன்.

வீட்டுப் படிக்குச் சரிவு கட்டுறதென்றால் வழக்கமான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். “இவ்வளவு நீளமோ” என்று மேசன் முறைப்பார். விடாதேங்கோ. பக்கத்தில் ஒரு சின்ன வரம்பும் வைக்கச் சொல்லுங்கோ, சில்லு வெளியே போகாது.

முள்ளந்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத ஆக்கள் வன்னியில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவைக்கு ரெண்டு விசயம். வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் கறுத்த ரெக்சின் சீற்றில் உடனே இருத்த வேண்டாம். சுடுறது தெரியாது, தோல் உரிஞ்சபிறகுதான் தெரியும். கையால் தொட்டுப் பார்த்து, ஈரத்துணியால் துடைச்சு, மெத்தை போட்டு இருத்துங்கோ. மற்றது, கால் தட்டில் இருந்து நழுவி நிலத்தில் இழுபட்டாலும் தெரியாது. ஒரு மெல்லிய பட்டி போடுங்கோ. நீண்ட ஓட்டம் என்றால் 15–30 நிமிசத்துக்கு ஒருக்கால் நிப்பாட்டி, கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குங்கோ, படுக்கைப்புண் வராமல் இருக்க.

படி 5: றோட்டும் தண்ணியும்

பரந்தன்–முல்லைத்தீவு றோட்டில் மணல் டிப்பர் வாற வேகம் தெரியும்தானே. ஸ்கூட்டர் சீற் உயரம் டிப்பர்க்காரனின் கண்ணுக்குக் கீழே. ஒரு மூங்கில் தடியில் சிவப்புத் துணி, பின்னுக்கு மின்னுற ஸ்ரிக்கர், ரெண்டும் செலவில்லாத சாமான். கண்ணாடியும் பூட்டுங்கோ. பொழுதுபட்டால் பெரிய றோட்டுக்கு வேண்டாம். தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கிற கட்டாக்காலி மாட்டை ஸ்கூட்டர் லைற்றில் காணுறது கஷ்டம். ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் யானையும் சேர்த்தி.

ஒரு சார்ஜில் ஓடும் என்று புத்தகத்தில் போட்ட தூரத்தில் பாதியை மட்டும் நம்புங்கோ. அந்தக் கணக்கு தட்டையான தாருக்கு. மணலிலும் கிறவலிலும் மோட்டர் கூட இழுக்கும். புதைஞ்சால் விடாமல் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டாம், கூடக் கரண்ட் இழுத்தால் நிப்பாட்டுற கட்டவுட் பொத்தான் வெளியே பாயும். பற்றரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பொத்தானைக் கொஞ்சம் ஆறவிட்டு உள்ளுக்குத் தள்ளினால் திரும்ப வரும்.

தாம்போதியில் தண்ணி ஓடினால் இறங்க வேண்டாம். எவ்வளவு கொஞ்சமாகத் தெரிஞ்சாலும். மோட்டர் பின் அச்சோட, நிலத்துக்குக் கிட்ட இருக்கு. 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் வான்பாய்ஞ்சு வீடுகளுக்குள் தண்ணி வந்த மாதிரி நிலைமை என்றால் பற்றரி ரெண்டையும் கழட்டி மேசையில் ஏத்துங்கோ. 35 அம்பியர்-அவர் பற்றரி ஒன்று பத்துக் கிலோ வரும். நனைஞ்ச ஸ்கூட்டரைக் காயாமல் சாவி போட்டுப் பார்க்கிற அவசரம்தான் மோட்டருக்குக் கரண்டை அளந்து விடுற கொன்ட்ரோலரை எரிக்கிறது.

படி 6: ரயரும் மற்றதும்

நெருஞ்சியும் இலந்தையும் உள்ள ஒழுங்கையில் காத்து ரயர் தலையிடி. நான் கட்டி ரயர் கட்சி. நாரி நோ உள்ள ஆக்களுக்குக் குலுக்கும், உண்மைதான். அவை காத்து ரயரோடு இருக்கட்டும். காத்து ரயர் என்றால் சில்லு ரெண்டு தட்டாகப் பிரியிற வகையாக இருக்கும். ஒட்டுக் கடையில் குடுக்கேக்க முன்னுக்கே சொல்லுங்கோ: காத்தை முழுக்க இறக்கினபிறகுதான் தட்டுச் சேர்த்த நட்டைக் கழட்டலாம். காத்தோட கழட்டினால் தட்டு முகத்துக்குப் பாயும். ரயர் பக்கத்தில் எழுதின அளவுக்குச் சைக்கிள் பம்பால் அடியுங்கோ. கொம்பிரசர் கண்மூடித் திறக்க முதல் கூட அடிச்சுப்போடும்.

கழுவ ஈரத்துணி போதும், சேர்விஸ் ஸ்ரேசன் தண்ணிப் பம்பு வேண்டாம். பற்றரி முனையில் வெள்ளை பூத்தால் துடைச்சு வாஸ்லின் மெல்லிசாகப் பூசுங்கோ. தேங்காய் எண்ணெய் வேண்டாம், எறும்பு வரும். நெல்லு மூட்டை அடுக்கின அறையில் ஸ்கூட்டரையும் விடவேண்டாம். நெல்லுக்கு வாற எலி வயரையும் அரிக்கும்.

பிற்சேர்க்கை 1

முள்ளியவளையில் இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தா: பச்சை லைற் வருது, சாவி போட்டால் லைற் மினுங்குது, ஓடுதில்லை. இந்த வரிசையில் பாருங்கோ. சார்ஜர் வயர் இன்னும் கொழுவியபடியோ? தள்ளுற லீவர் மாறிக் கிடக்கோ? சாவி போடேக்க பெருவிரல் லீவர் அழுத்துப்பட்டதோ? இந்த மூன்றில் எது இருந்தாலும் ஸ்கூட்டர் ஓட மறுக்கும், அது பாதுகாப்புக்கு வைச்சது. மூன்றும் இல்லை என்றால் மினுங்குறதை எண்ணுங்கோ. எத்தனை தரம் மினுங்கி நிற்குது என்றதுக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அட்டவணை இருக்கும். அவாவுக்கு லீவர்தான், பேரன் விளையாடி மாத்தியிருக்கிறான்.

பிற்சேர்க்கை 2

கிளிநொச்சிக்குக் கிளினிக்குக்குக் கொண்டுபோக லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில் ஏத்தலாமோ என்று கனபேர் கேட்டிருக்கிறீங்கள். ஏத்தலாம். சீற்றையும் பற்றரியையும் கழட்டித் தனியாக வையுங்கோ, பாரம் நல்லாக் குறையும். ஏத்தினபிறகு தள்ளுற லீவரைப் பிரேக் பிடிக்கிற பக்கத்துக்குத் திருப்புங்கோ. கயிறை ஹாண்டிலில் கட்டாமல் கீழ்ச் சட்டத்தில் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டுங்கோ, ஹாண்டில் மடியிற இடம் உடைஞ்சால் இங்க சாமான் எடுக்கிறது கரைச்சல். ஓடுற வழியில் ஸ்கூட்டரில் ஆள் இருக்கக்கூடாது, பெட்டிக்குள் தனிக் கதிரையில் இருத்துங்கோ. இறக்கிற பலகை நல்ல நீளமாக இருக்கட்டும். கட்டைப் பலகை என்றால் அடித்தட்டு விளிம்பில் முட்டி நிற்கும்.