கதை சொல்லும் ஓவியத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சம்பவத்தை நடுவில் நிறுத்திக் காட்டும் யதார்த்த ஓவியத்தைப் பற்றி எழுதச் சொன்னால், பலரும் முதல் வரியிலேயே "இந்த ஓவியம் என் மனத்தை நெகிழவைத்தது" என்று தொடங்கிவிடுகிறார்கள். நெகிழ்ந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேன்வாஸின் எந்த இடம் நெகிழவைத்தது என்று சொல்லாதவரை, அந்த வரி எந்த ஓவியத்துக்கும் பொருந்தும்.

ரஷ்ய ஓவியர் இல்யா ரெபினின் 'அவரை எதிர்பார்க்கவில்லை' (1884–1888) என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. அரசியல் காரணத்துக்காக நாடுகடத்தப்பட்ட ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் வீடு திரும்பும் நொடி அது. பணிப்பெண் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். கறுப்பு உடை அணிந்த முதியவள் நாற்காலியிலிருந்து எழுகிறாள். பியானோ முன் இருக்கும் பெண் திரும்பிப் பார்க்கிறாள். மேசையருகே ஒரு சிறுவனும் சிறுமியும் இருக்கிறார்கள்.

இங்கே எளிதில் நேரும் தவறு, ஊகத்தைக் கண்ணால் கண்டதுபோல எழுதுவது. "தாய் பாசத்தோடு மகனை நோக்கி ஓடுகிறாள்" என்று எழுதினால் இரண்டு பிழைகள். அவள் ஓடவில்லை, குனிந்த முதுகோடு பாதி எழுந்த நிலையில் இருக்கிறாள். அவள் முகமும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை, அதனால் பாசம் என்பது நாம் சேர்த்தது. "முதியவள் நாற்காலியைவிட்டு எழுகிறாள், முதுகு இன்னும் நிமிரவில்லை; வந்தவரின் தாயாக இருக்கலாம்" என்று எழுதுங்கள். முதலில் கண்டது, பிறகு அதிலிருந்து ஊகித்தது. இந்த வரிசை மாறினால் வாசகருக்கு ஓவியம் தெரியாது, உங்கள் முடிவு மட்டுமே தெரியும்.

அடுத்தது பட்டியல் போடுவது. கதவு, மேசை, பியானோ, ஆறேழு பேர் என்று எண்ணிக்கொண்டே போனால் கதை நகராது. பார்வைகளைப் பின்தொடருங்கள்: யார் யாரைப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வைகள் எப்படி வேறுபடுகின்றன? சிறுவன் முகம் மலர்ந்திருக்கிறது; சிறுமியோ மிரட்சியோடு பார்க்கிறாள். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை போலும். அவர் எத்தனை காலம் வீட்டில் இல்லை என்பதை இந்த ஒரு முகமே சொல்லிவிடுகிறது. வந்தவருக்கும் குடும்பத்துக்கும் நடுவே கிடக்கும் வெற்றுத் தரையையும் விட்டுவிடாதீர்கள். அவர் இன்னும் வந்து சேரவில்லை என்று காட்டுவது அதுதான்.

ஒரே தடவை பார்த்துவிட்டு எழுத உட்கார்வதும் தவறே. சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரெட் யார்பஸ் இதே ஓவியத்தை வைத்துக் கண் அசைவுகளைப் பதிவு செய்தார். குடும்பத்தின் வசதி எப்படி, ஒவ்வொருவரின் வயது என்ன, வந்தவர் எவ்வளவு காலம் பிரிந்திருந்தார் என்று கேள்வியை மாற்றிக் கேட்டபோது, அதே பார்வையாளரின் கண்கள் வேறு வேறு பாதையில் நகர்ந்தன. எனவே குறைந்தது மூன்று முறை பாருங்கள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடம். முதல் முறை ஆட்களும் அவர்கள் நிற்கும், உட்காரும் விதமும். இரண்டாம் முறை ஒளி எங்கிருந்து வருகிறது, எங்கே விழவில்லை என்பது. மூன்றாம் முறை சுவர், மூலை, தரை. இந்த ஓவியத்தின் சுவரில் கவிஞர்கள் ஷெவ்சென்கோ, நெக்ராசோவ் இருவரின் உருவப்படங்களும், 1881-இல் கொல்லப்பட்ட ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் மரணப்படுக்கையில் கிடக்கும் படமும் உள்ளன. முன்கதை எழுத ஆசைப்படுபவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆதாரம் இவைதான். இவற்றைத் தாண்டி, வந்தவரின் சிறைவாழ்வை இரண்டு பத்தி கற்பனை செய்தால், அது சிறுகதையாகிவிடும்.

"புகைப்படம் போலவே இருக்கிறது" என்பது பாராட்டாகத் தோன்றும். உண்மையில் ஓவியரின் வேலையையே மறைத்துவிடும். வந்தவரின் முகபாவத்தை ரெபின் பல முறை மாற்றித் தீட்டினார். அந்த முகத்தில் தெரியும் தயக்கம் தற்செயலாகப் பதிவானதல்ல, தேர்ந்தெடுத்தது. அதேபோல, கைபேசியில் பார்த்துவிட்டுத் தூரிகைத் தடங்களைப் புகழ வேண்டாம். சுமார் 160 செ.மீ. உயரமுள்ள கேன்வாஸ் உள்ளங்கையளவு திரையில் சுருங்கும்போது, வண்ணத்தின் தடிமனும் நிறத்தின் சாயலும் நம்பத்தக்கவை அல்ல. அமைப்பு, பார்வை, ஒளியின் திசை பற்றித் துணிந்து எழுதலாம்.

சொந்த உணர்வுக்கு வருவோம். 300 சொல் கட்டுரையானால் பாதிக்கு மேல் வர்ணனைக்கு ஒதுக்குங்கள். உணர்வு அதன்பின் வரட்டும். உங்கள் வீட்டு நினைவு எழுந்தால் எழுதலாம், ஆனால் மூன்று வாக்கியத்துக்குள் கேன்வாஸுக்குத் திரும்பிவிடுங்கள். "சோகமாக இருந்தது" என்பதற்குப் பதில் "சிறுமியின் பார்வையைக் கண்டதும், திரும்பி வருவது மட்டும் போதாது என்று தோன்றியது" என்று எழுதினால் உணர்வுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. பிடிக்கவில்லை என்றும் எழுதலாம். அதற்கும் இதே விதிதான்.

சிறு விஷயங்கள் இரண்டு. ஓவியத்தில் நடப்பதை நிகழ்காலத்திலேயே எழுதுங்கள். இடம், வலம் என்பவை பார்ப்பவரின் பக்கமா, ஓவியத்தில் உள்ளவரின் பக்கமா என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள்.