விண்டர் டயர் தேர்ந்தெடுப்பது எப்படி: பிடிப்பும் வேண்டும், மைலேஜும் வேண்டும்

நவம்பர் நெருங்கினால் டொராண்டோ பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான். "எந்த விண்டர் டயர் போடலாம், மைலேஜ் ரொம்ப அடிவாங்குமா?" ஆளுக்கொரு பிராண்ட் சொல்வார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. என் டொயோட்டா கரோலா காருக்கு டயர் தேடியபோது நான் போன வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஸ்கார்பரோவிலிருந்து மிசிசாகாவுக்கு 401 நெடுஞ்சாலையில் தினமும் போய்வரும் வண்டி அது.

விண்டர் டயர் தேவையா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகும். வண்டியோடு வழக்கமாக வரும் ஆல்-சீசன் டயரும் குளிர ஆரம்பித்தால் பிடிப்பை இழந்துகொண்டே வரும். போட்டால் நான்கும் போட வேண்டும், இரண்டு மட்டும் கூடாது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் இங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள் விண்டர் டயருக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. போன் போட்டுக் கேளுங்கள்.

என் கட்சி இதுதான்: பிடிப்பு எந்த அளவுக்கு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து பூட்டிவிட வேண்டும். அந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டு மைலேஜ் பார்க்க வேண்டும். மைலேஜில் தொடங்கிப் பிடிப்புக்கு வந்தால் கணக்கு கெட்டுப்போகும். ஏன் என்று 4ஆவது படியில் எண்களோடு காட்டுகிறேன்.

படி 1: உங்கள் சாலை எது?

குளிர்காலம் என்றதும் முழங்கால் அளவு பனி நினைவுக்கு வரும். டொராண்டோவில் பெரும்பாலான நாட்கள் அப்படி இருப்பதில்லை. 401இல் பனி விழுந்த சில மணி நேரத்தில் உப்பு போட்டு வழித்துவிடுவார்கள். பிறகு ஓடுவதெல்லாம் ஈரச் சாலை, சேறாகக் குழைந்த பனி, அதிகாலையில் பாலங்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். சாலை உப்பு மைனஸ் 10ஐ ஒட்டி வலுவிழக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வடக்கே பாரி நகரப் பக்கம் போகிறவர்களுக்கு ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனி தனிக்கதை. இன்னும் வடக்கே சட்பரி என்றால் வேறு ஊர், வேறு டயர்.

வகைகள் மூன்று. ஐஸுக்கென்றே மென்மையான ரப்பரில் செய்த, ஆணி இல்லாத நார்டிக் வகை: மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக், நோக்கியன் ஹக்காபெலிட்டா ஆர்5 எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, ஈரச் சாலைக்கும் வேகத்துக்கும் ஏற்ற ஆல்பைன் வகை, மிஷெலின் பைலட் ஆல்பின் போல. மூன்றாவது, வருடம் முழுக்க ஓட்டக்கூடிய ஆல்-வெதர், மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 போல. ஆணி வைத்த டயர் ஒன்டாரியோவின் வடபகுதிக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்பதால் அதை விட்டுவிடுவோம்.

அதிகாலை ஐந்து மணிக்கு ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் நார்டிக்கை விட்டு நகரவே கூடாது. உப்பு வண்டி வருவதற்கு முன்னால் சாலையில் இறங்குகிறவர்கள் அவர்கள்தான். வீட்டிலிருந்தே வேலை, பனி நாளில் வண்டியை எடுக்கவே மாட்டேன் என்பவருக்கு நல்ல ஆல்-வெதர் போதும்.

படி 2: சைடுவாலில் (டயரின் பக்கவாட்டில்) மலைச் சின்னம்

மூன்று சிகரங்கள் கொண்ட மலை, நடுவே பனித்துகள். இந்தச் சின்னம் இருந்தால்தான் பனியில் சோதித்த டயர். "எம்+எஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் அது டிரெட்டின் (சாலையைத் தொடும் ரப்பர் பரப்பின்) வடிவத்தைப் பற்றித் தயாரிப்பாளர் சொல்லிக்கொள்வது, அதற்குப் பனிச் சோதனை எதுவும் கிடையாது.

மலைச் சின்னத்துக்கும் எல்லை உண்டு. வட அமெரிக்காவில் அது இறுகிய பனியில் வண்டி எவ்வளவு நன்றாக இழுத்துக் கிளம்புகிறது என்ற சோதனைக்கான சின்னம். ஐஸில் எப்படி நிற்கும் என்பதை அது சொல்லாது. அதனால்தான் ஆல்-வெதரிலும் நார்டிக்கிலும் ஒரே சின்னம் இருக்கிறது. கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால் டிரெட் கட்டை ஒன்றை விரலால் அழுத்திப் பாருங்கள். நார்டிக் டயரில் மெல்லிய கீறல்கள் கட்டை முழுக்க நெருக்கமாக ஓடும், அழுத்தினால் வளைந்து திறக்கும். ஐஸின் மேல் படியும் நீர்ப்படலத்தை உறிஞ்சி விலக்குவது அந்தக் கீறல்கள்தான். வழுக்குவது பெரும்பாலும் அந்த நீர்ப்படலத்தால்.

படி 3: அளவைக் குறுக்குங்கள்

டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் அளவு இருக்கும். மில்லிமீட்டரில் அகலம், அகலத்தில் சைடுவால் உயரம் எத்தனை சதவீதம், அங்குலத்தில் ரிம் விட்டம் என்பது வரிசை. அதையே வாங்க வேண்டும் என்றில்லை. 225/40 ஆர் 18 போட்டு வந்த கரோலாவுக்கு 205/55 ஆர் 16 வைக்கலாம். வெளி விட்டம் முதலாவதில் 637 மில்லிமீட்டர், இரண்டாவதில் 632. ஸ்பீடோமீட்டரில் ஒரு சதவீதம்கூட மாறாது.

குறுகலான டயர் குழைபனியை வெட்டிக்கொண்டு கீழே போகும். அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். காற்றைக் கிழிக்கும் முகப்பும் குறைவு, விலையும் குறைவு, சைடுவால் உயரம் என்பதால் குழியில் விழுந்தாலும் ரிம் தப்பிக்கும். கரோலா ஹைப்ரிட்டுக்கு டொயோட்டாவே 195/65 ஆர் 15 தான் போட்டது. பிடிப்பும் மைலேஜும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் எளிதாகச் சேர்ந்து கிடைக்கும் இடம் இந்தப் படிதான், இதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும். சின்ன ரிம் பிரேக் காலிப்பரில் (பிரேக் தட்டை இறுக்கும் பாகத்தில்) உரசக்கூடாது. உங்கள் மாடலின் விலை குறைந்த ரகத்தில் அந்த ரிம் வந்திருந்தாலும் கடையில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடைக்கான எண்) தாளில் உள்ளதைவிடக் குறையக்கூடாது. 91 என்றால் டயருக்கு 615 கிலோ. வேகக் குறியீடு ஹெச்சிலிருந்து டிக்கு இறங்கினால் பரவாயில்லை, டி என்பதே 190 கி.மீ. வரை.

தனி ரிம் செட் வாங்குவதையே நான் சொல்வேன். ஒரே ரிம்மில் வருடம் இருமுறை டயரைக் கழற்றி மாட்டினால் கூலியும் போகும், டயரின் ஓரமும் கிழியும். இரும்பு ரிம் போதும்.

படி 4: மைலேஜ் விவரம் எங்கே கிடைக்கும்?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். கனடாவில் டயரில் எரிபொருள் லேபிள் கிடையாது. விளம்பரத்தில் "எரிபொருள் சிக்கனம்" என்று இருக்கும், எதைவிட என்று இருக்காது.

வழி ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே விற்கும் ஏறக்குறைய ஒவ்வொரு கார் டயருக்கும் லேபிள் கட்டாயம். 2021 மே மாதம் முதல் புதிய வடிவம்: எரிபொருளுக்கு ஏ முதல் இ வரை, ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை, சத்தம், மலைச் சின்னம், ஐஸில் பிடிப்பு உண்டு என்பதற்கான ஐஸ் சின்னம். இந்த விவரமெல்லாம் ஈப்ரெல் (EPREL) என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டயர் பிரிவுக்குப் போய், பிராண்டையும் அளவையும் போட்டுத் தேடுங்கள்.

தேடும்போது மாடல் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. அளவு, லோட் இண்டெக்ஸ், வேகக் குறியீடு மூன்றும் பொருந்த வேண்டும். ஒரே மாடலிலேயே அளவு மாறினால் எழுத்து மாறும். அதே பெயரில் இங்கே விற்பது வேறு தயாரிப்பாகவும் இருக்கலாம் என்பதால், இரண்டு மூன்று டயர்களை வரிசைப்படுத்த மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு இடத்தில் பலர் தடுமாறுவார்கள். நல்ல நார்டிக் டயரைத் தேடினால் ஈரப் பிடிப்பில் டி, இ என்று வரும். பார்த்ததும் ஒதுக்கிவிடத் தோன்றும். ஐஸுக்காக மென்மையாக்கிய ரப்பரில் ஈரத் தார்ச்சாலைப் பிடிப்பு குறைவது இயல்பு. அந்த வகைக்குள்ளேயே ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள், ஆல்பைனோடு வேண்டாம். முதலில் ஐஸ் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பவற்றில் ஈரப் பிடிப்பு மிக மோசமாக இல்லாததை எடுங்கள். கடைசியில் எரிபொருள் எழுத்து.

சரி, அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு? எரிபொருள் எழுத்து என்பது உருளும்போது டயர் இழுக்கும் எதிர்ப்பு, ஒரு டன் எடைக்கு இத்தனை கிலோ என்ற அளவில். ஏ என்றால் 6.5 வரை, பி 7.7 வரை, சி 9.0 வரை, டி 10.5 வரை, அதற்கு மேல் இ. என் வண்டி ஆளோடு சுமார் 1,400 கிலோ. 9.0 டயருக்கும் 7.7 டயருக்கும் இடையில் இழுவை வித்தியாசம் 1.8 கிலோ. இன்ஜின் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கைச் சக்கரத்துக்குக் கொடுப்பதாக வைத்தால், 100 கி.மீ.க்குச் சுமார் 0.22 லிட்டர். ஒரு குளிர்காலத்தில் 8,000 கி.மீ. ஓட்டினால் 18 லிட்டர். அவ்வளவுதான்!

பிடிப்பை முதலில் பூட்டுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் இந்த எண்தான். அரை டேங்க்கூட வராத பெட்ரோலுக்காக ஐஸ் பிடிப்பில் ஒரு படி இறங்குவது அறிவார்ந்த பேரமே இல்லை. முன்வண்டியின் பம்பரை ஒரு தடவை தொட்டால் இன்சூரன்ஸில் நீங்கள் கட்ட வேண்டிய டிடக்டிபிள் பல வருடப் பெட்ரோல் மிச்சத்தை விழுங்கிவிடும். ஆள் அடிபடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், பிடிப்பில் சமமான இரண்டு டயர் இருந்தால் 18 லிட்டரை ஏன் விட வேண்டும்?

இரண்டும் சேர்ந்து கிடைப்பதும் சாத்தியம்தான். டயர் உருளும்போது ரப்பர் அமுங்கி விரிகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றல் சூடாகப் போகிறது. 100 கி.மீ. வேகத்தில் என் டயர் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. பிடிப்புக்கு ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமுங்கி விரிவதோ நொடிக்குப் பல ஆயிரம் முறைக்கும் மேல். சிலிக்கா கலந்த ரப்பரால் முதல் இழப்பைக் குறைத்து, இரண்டாவதைக் காப்பாற்ற முடிகிறது. நல்ல பிராண்டுக்கும் மலிவுச் சரக்குக்கும் இங்கே பெரிய வித்தியாசம் தெரியும்.

என் தேர்வு எக்ஸ்-ஐஸ் ஸ்னோ. நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் அதிகம் என்பதாலும், விண்டர் டயருக்கு அபூர்வமான டிரெட் வாரண்டி தருகிறார்கள் என்பதாலும். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு பிளிஸாக் அருமை. ஆனால் அதன் நுண்துளை ரப்பர் மேலடுக்கில்தான், அது தேய்ந்தபின் ஐஸ் பிடிப்பு குறையும்.

படி 5: மாட்டும் முன், மாட்டிய பின்

சைடுவாலில் DOT என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 3524 என்றால் 2024இன் 35ஆவது வாரம். பழைய சரக்கு என்றால் வேறு கேளுங்கள். அம்புக்குறி இருந்தால் அது வண்டி முன்னே போகும் திசையைக் காட்ட வேண்டும். 100 கி.மீ. ஓட்டியபின் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) வைத்துச் சரிபாருங்கள், கரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர்.

காற்றுதான் எல்லாரும் மறப்பது. வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். கடைக்குள் 20 டிகிரியில் 33 அடித்த டயர், வெளியே மைனஸ் 10இல் 28க்கு வந்து நிற்கும். சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைவுக்கு 0.2 சதவீத மைலேஜ் போகும், டயரின் ஓரங்களும் தேயும். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பாமல் கையடக்க டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"மாட்டியதும் மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டது" என்று பலர் எழுதினார்கள். அக்டோபரையும் ஜனவரியையும் ஒப்பிட்டுப் பழியை டயர் மேல் போடாதீர்கள். மைனஸ் 7இல் சாதாரணப் பெட்ரோல் காரின் நகர மைலேஜ், 25 டிகிரியில் கிடைப்பதைவிட எந்த டயரிலும் சுமார் 15 சதவீதம் குறையும். இன்ஜின் சூடாக நேரம், கனமான குளிர்காற்று, ஹீட்டர், குளிர்காலப் பெட்ரோலின் குறைந்த ஆற்றல் எல்லாம் சேர்ந்தது அது. போதாததற்கு, கம்பெனி புது வண்டியோடு தரும் டயர் பெரும்பாலும் மைலேஜுக்கென்றே தேர்ந்தெடுத்தது.

புது ரிம் போட்டபின் டயர் பிரஷர் விளக்கு அணையவில்லை என்றால் பெரும்பாலும் அதில் சென்சார் இல்லை. கனடாவில் சென்சார் கட்டாயமில்லை, ஆனாலும் நான் போட்டுக்கொள்வேன். குளிரில் காற்று இறங்குவதை அதுதான் முதலில் சொல்லும்.

பழைய விண்டர் டயரை இன்னொரு வருடம் ஓட்டலாமா? டிரெட் ஆழம் 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் பனிச் சாலைக்கு வேண்டாம் என்பதுதான் கனடா அரசின் போக்குவரத்துத் துறை சொல்வதும். நாணயத்தைச் செருகி ஆழம் பார்க்காமல் ஆழமானி ஒன்று வாங்குங்கள்.

எப்போது கழற்றுவது? பகல் வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் நின்றதும். எங்கள் பக்கம் அநேகமாக ஏப்ரல் நடுவில். மே வரை இழுத்தால் மென்மையான ரப்பர் சூடான சாலையில் வேகமாகத் தேயும், அடுத்த ஜனவரிக்குத் தேவையான டிரெட்டும் அதோடு போகும். டயர் கடைகளில் ஏப்ரலில் கூட்டம் முட்டும், மார்ச் கடைசியிலேயே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள்.