பிஎஸ்பி, வீட்டா மெமரி கார்டு அடாப்டர்: சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடாப்டர் பொட்டலத்தைப் பிரித்து, அதில் மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகி, சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியில் போட்டு, மெனுவில் 59 ஜிபி என்று வந்ததும் "சூப்பர், வேலை செய்யுது" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு கூட்டம், "64 ஜிபி கார்டு போட்டேன், 59தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க" என்று ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிறது. இரண்டுமே அடாப்டரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. கார்டு கம்பெனிக்காரர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்று எண்ணுகிறார்கள், கன்சோல் 1024-இன் மடங்குகளில் எண்ணுகிறது, அந்தக் கணக்கில் 64 என்பது 59 சொச்சமாகத்தான் வரும். மெனுவில் தெரியும் எண் கார்டு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான். எழுதிய தரவு எழுதியபடி திரும்பி வருகிறதா என்பது வேறு கேள்வி. பலருக்கு அதன் பதில், பாதி முடித்த ஆட்டத்தின் சேவ் ஒருநாள் காணாமல் போகும்போதுதான் கிடைக்கிறது.

வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் குழப்பத்தில் பாதி போய்விடும். பிஎஸ்பிக்கு வரும் அடாப்டரும் அதன் வாரிசான வீட்டாவுக்கு வரும் அடாப்டரும் பார்க்க ஒரே சாதி மாதிரி இருந்தாலும் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. பிஎஸ்பி எதிர்பார்ப்பது சோனியின் மெமரி ஸ்டிக் ப்ரோ டுயோ, அதன் பேச்சுமுறை எஸ்டி கார்டின் பேச்சுமுறை இல்லை. அதனால் அந்த அடாப்டருக்குள் ஒரு சிறிய சிப் உட்கார்ந்து இந்தப் பக்கம் மெமரி ஸ்டிக்காக நடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் மைக்ரோ எஸ்டியுடன் பேசுகிறது. வீட்டாவின் எஸ்டி2வீட்டா அடாப்டரில் அப்படி எந்த மொழிபெயர்ப்பாளரும் கிடையாது. வீட்டாவின் கேம் கார்டு ஸ்லாட் மின்னளவில் எஸ்டிக்கு நெருங்கிய உறவான எம்எம்சி வகையைச் சேர்ந்தது என்பதால், அடாப்டர் வெறுமனே கம்பிகளை இங்கிருந்து அங்கே கொண்டுபோகிறது, மீதி வேலை முழுவதும் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஆகவே பிஎஸ்பி அடாப்டரில் சிப்பைச் சோதிக்க வேண்டும், வீட்டா அடாப்டரில் பிளாஸ்டிக் வார்ப்பையும் தொடுமுனைகளையும் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கான அளவுகோலை மற்றதுக்கு வைத்தால் தப்பான முடிவுதான் வரும்.

முதலில் பிஎஸ்பி. அங்கேதான் சிக்கல் அதிகம்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, கார்டையும் அடாப்டரையும் ஒன்றாகச் சேர்த்தே சோதிப்பது. ஏதாவது கெட்டால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. சந்தையில் போலி மைக்ரோ எஸ்டி கார்டுகள் கொட்டிக்கிடக்கின்றன. உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், ஆனால் 128 என்று சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை மாற்றி வைத்திருப்பார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், அதற்கு மேல் எழுதுவது பழையதை அழிக்கும் அல்லது காற்றில் போகும். அப்படி ஒரு கார்டைப் போட்டுவிட்டு "அடாப்டர் மட்டம்" என்று எழுதுவது பாவம். எனவே கார்டை முதலில் தனியாக ஒரு நல்ல கார்டு ரீடரில் போட்டு, கணினியில் முழுவதும் நிரப்பித் திரும்பப் படிக்க வையுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3, இரண்டும் இலவசம். பெரிய கார்டு என்றால் மணிக்கணக்கில் ஓடும், சாப்பிட்டுவிட்டு வரலாம். பாதியில் நிறுத்திவிட்டு "இதுவரை பிழை இல்லை" என்று திருப்திப்படாதீர்கள், போலிக் கார்டின் பொய் பெரும்பாலும் பின்பாதியில்தான் வெளிவரும்.

கார்டு தேறிவிட்டதா, சரி, இப்போது அதே கார்டை அடாப்டருக்குள் போட்டு, பிஎஸ்பியில் ஃபார்மட் செய்து, யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ரீடரில் தேறியது இங்கே தடுக்கி விழுந்தால் சிப்பையோ தொடுமுனையையோ சந்தேகப்படலாம். வயரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், பழைய மினி யுஎஸ்பி வயர்களில் சில சார்ஜுக்கு மட்டும்தான் லாயக்கு.

அடுத்தது வேக மோகம். கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து விலை கொடுப்பது. பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வந்த கருவி. அதன் ஆட்டங்கள் யுஎம்டி தட்டிலிருந்து ஓடுவதற்காக எழுதப்பட்டவை, அந்தத் தட்டு தரும் அதிகபட்ச வேகம் நொடிக்கு 11 மெகாபிட், அதாவது ஒன்றரை எம்பிகூட இல்லை. சுமாரான அடாப்டரே இதைத் தாண்டிவிடும். நொடிக்கு நூறு எம்பி படிக்கும் கார்டை வாங்கிப் போட்டால் அந்த வேகம் நடுவில் இருக்கும் சிப்பின் வாசலிலேயே நின்றுவிடும். ஏ2 என்று (செயலிகளை வேகமாக ஓட்டும் என்பதற்கான தரக்குறி) போட்ட கார்டுக்குக் கூடுதல் பணம் தருவது இன்னும் வீண், ஏனென்றால் ஏ2-வின் பலன் கிடைக்க அதைப் போட்ட கருவியும் அதற்குரிய கட்டளைகளை அறிந்திருக்க வேண்டும், இந்தக் கருவிகள் பிறந்தபோது ஏ2 என்ற ஒன்றே கிடையாது. நல்ல பெயருள்ள கம்பெனியின் சாதாரண கார்டு போதும்.

வேகத்தை அளந்தே ஆக வேண்டும் என்றால், ஒரே பெரிய கோப்பை நகலெடுத்து நேரம் பார்ப்பதால் பயன் குறைவு. அடாப்டர் திணறும் இடம் அதுவல்ல. நிறையச் சின்னச் சின்னக் கோப்புகள், மெனுவில் ஆட்டப் படங்கள் ஒவ்வொன்றாக ஏறுவது, சேவ் பட்டியல் திறப்பது, ஆட்டத்தின் நடுவே குரலும் காட்சியும் ஒரே நேரத்தில் படிக்கப்படுவது, இங்கேதான் வித்தியாசம் தெரியும். இரண்டு அடாப்டரை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டிலும் ஒரே கார்டு, ஒரே கோப்புகள், ஒரே பிஎஸ்பி, ஒரே அமைப்பு. மாற்று ஃபர்ம்வேர், அதாவது சோனி தராத அடிப்படை மென்பொருள், போட்டவர்கள் இதில் அடிக்கடி கோட்டை விடுவார்கள். அதில் மெமரி ஸ்டிக்கை வேகப்படுத்தும் ஒரு தேர்வு இருக்கும், ஒரு சோதனையில் அது இயங்கியபடியும் இன்னொன்றில் அணைந்தபடியும் இருந்தால் நீங்கள் ஒப்பிட்டது அடாப்டர்களையே அல்ல.

என்னைக் கேட்டால் வேகத்தைவிடப் பத்து மடங்கு முக்கியமானது உறக்கச் சோதனை, ஆனால் அதைச் செய்கிறவர்கள் குறைவு. பிஎஸ்பியை யாரும் முழுதாக அணைப்பதில்லை. ஆட்டத்தின் நடுவிலேயே சுவிட்சைத் தட்டித் தூங்கவைத்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்வோம், மறுபடி எடுத்துத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தூங்கும்போது கார்டுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும், விழிக்கும்போது சிப்பும் கார்டும் மறுபடி அறிமுகமாகிக்கொள்ள வேண்டும். மட்டமான அடாப்டர் இங்கே சொதப்பும். ஆட்டம் உறைந்து நிற்கும், அல்லது மெமரி ஸ்டிக் இல்லை என்று வரும், அல்லது எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்து அடுத்த சேவ் மட்டும் பழுதாகும். மூன்றாவது வகைதான் ஆபத்து. அதனால் கார்டிலிருந்து ஓடும் ஆட்டம் ஒன்றைத் தொடங்கி, தூங்கவைத்து, சில நொடி கழித்து எழுப்பி, சேவ் செய்து, வெளியே வந்து, அதே சேவைத் திறந்து பாருங்கள். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிட்டு அதையே செய்யுங்கள். ஆட்டம் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது, அதாவது ஆரஞ்சு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது, தூங்கவைத்தும் பாருங்கள். அந்த விளக்கு மின்னும்போது கார்டைப் பிடுங்குவதும் ஒரு சோதனைதானே என்று நினைக்காதீர்கள், அது கோப்பு அமைப்பைக் குலைக்கும் வழி.

ஃபார்மட் விஷயத்தில் வரும் தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் இருக்கும், பிஎஸ்பிக்கு அது புரியாது, ஃபேட்32 என்ற பழைய அமைப்பு வேண்டும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராமல் கைவிரித்துப் பழகியது, எனவே அதோடு மல்லுக்கட்டாமல் பிஎஸ்பியின் சிஸ்டம் செட்டிங்ஸில் உள்ள மெமரி ஸ்டிக் ஃபார்மட்டையே பயன்படுத்துங்கள், தேவையான கோப்புறைகளில் பெரும்பாலானவற்றையும் அது உருவாக்கித் தரும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: யுஎம்டியே 1.8 ஜிபிதான், ஆட்டத்துக்கு அந்த வரம்பு எட்டாது, நீளமான படங்களுக்கு மட்டும் எட்டலாம். இன்னொன்று, பெரிய கார்டில் முதல்முறை சேவ் செய்யப் போகும்போது கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். மீதி இடம் எவ்வளவு என்று கருவி எண்ணிக்கொண்டிருக்கிறது. கார்டு பெரிதானால் அந்தத் தாமதமும் பெரிதாகும், அடாப்டர் மேல் பழி போட வேண்டாம். மெமரி ஸ்டிக்கின் தகவல் பக்கத்தில் மேஜிக்கேட் (சோனியின் நகல்தடுப்பு முறை) ஆதரவு என்று தெரிவதையும் தரச்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சிப் அப்படிச் சொல்லிக்கொள்கிறது, வேறொன்றும் இல்லை.

இரட்டை ஸ்லாட் அடாப்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வாங்குகிற பலருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிவதில்லை. ஒரே அடாப்டரில் இரண்டு மைக்ரோ எஸ்டி போட்டு இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஒரே ஸ்டிக்காகக் காட்டும். ஒரு கார்டில் ஆட்டம், இன்னொன்றில் பாட்டு என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம் என நினைத்தால் அது நடக்காது. தரவு இரண்டு கார்டுகளிலும் சிதறி எழுதப்படும். ஒன்றை மட்டும் கழற்றி ரீடரில் போட்டால் குப்பைதான் தெரியும், அப்போது கணினி "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும், பழக்கதோஷத்தில் சரி என்று அழுத்தினால் இரண்டு கார்டும் போச்சு. ஒன்று செத்தாலும் இரண்டின் தரவும் போகும், அதாவது இடம் இரட்டிப்பாகும்போது தொல்லைக்கான வாய்ப்பும் இரட்டிப்பாகிறது. அதை வாங்கியே தீருவேன் என்றால் ஒரே கம்பெனியின், ஒரே அளவுள்ள இரண்டு கார்டு போடுங்கள், எது எந்தப் பக்கம் என்று பேனாவால் குறித்துவையுங்கள், நகல் எடுப்பதாக இருந்தால் பிஎஸ்பி வழியாக மட்டும் எடுங்கள். இன்று ஒற்றைக் கார்டே 128 ஜிபிக்கு எளிதாகக் கிடைக்கும்போது இந்தச் சங்கடம் எதற்கு என்பதுதான் என் கட்சி.

பொருத்தமும் முக்கியம். ப்ரோ டுயோவின் தடிமன் 1.6 மி.மீ., மைக்ரோ எஸ்டி 1 மி.மீ. மேல் சுவர், கீழ் சுவர், சர்க்யூட் பலகை எல்லாம் சேர்ந்து மிஞ்சிய 0.6 மி.மீட்டரில் அடங்கியாக வேண்டும். அதனால் மலிவான அடாப்டர்களின் மேல்தகடு கொஞ்சம் உப்பியிருக்கும், ஸ்லாட்டில் போகும், திரும்பி வராது. போடும் முன் சமதளத்தில் வைத்து ஆடுகிறதா, விளிம்பு விரலில் உரசுகிறதா என்று பாருங்கள், இறுக்கமாக இருந்தால் தள்ளாதீர்கள். ஸ்லாட்டின் ஸ்பிரிங் உடைந்தால் மலிவான அடாப்டருக்காகக் கன்சோலையே பிரிக்க வேண்டி வரும். பிஎஸ்பி கோ வைத்திருப்பவர்கள் இந்த அடாப்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதில் இருப்பது சோனியின் இன்னும் சிறிய கார்டான எம்2-வுக்கான ஸ்லாட், அந்த எம்2 கார்டே 12.5 மி.மீ. அகலம்தான், 11 மி.மீ. மைக்ரோ எஸ்டியைச் சுற்றி ஓர் உறை போட இடமே கிடையாது.

இனி வீட்டா. 2012-இல் அமெரிக்காவில் வந்தபோது அதற்கான 32 ஜிபி கார்டை சோனி 100 டாலருக்கு விற்றது, எஸ்டி2வீட்டா பிறந்ததற்கு அந்த விலையே போதுமான காரணம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த வீட்டாவில் அதைப் போட்டால் ஒன்றுமே நடக்காது. "அடாப்டர் செத்துப்போய் வந்திருக்கு" என்று திருப்பி அனுப்புகிறவர்களில் கணிசமானோர் இந்த ரகம். 2016-இல் ஹென்காகு என்ற பூட்டுடைக்கும் மென்பொருள் வந்து கருவியைத் திறந்துவிட்டது, அதன்பிறகு ஸ்லாட்டில் இருக்கும் மைக்ரோ எஸ்டியை ஏற்றும் ப்ளகின் (கூடுதல் மென்பொருள் துண்டு) வந்தது, அதற்கு அப்புறம்தான் இந்தத் துண்டு பிளாஸ்டிக்குக்கு வேலையே வந்தது. ஆகவே அடாப்டருக்கு முன் உங்கள் ஃபர்ம்வேர் எண்ணைப் பாருங்கள். அணைத்து எழுப்பினாலும் நிலையாக ஒட்டிக்கொள்ளும் என்சோ என்ற திறப்பு முறை 3.60-இலும் 3.65-இலும்தான் நிற்கும், மற்ற பதிப்புகளில் முழுதாக அணைத்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் மறுபடி திறக்க வேண்டும். அதுவரை கார்டு தெரியாமல் இருப்பது அடாப்டரின் கோளாறு அல்ல.

இன்னொரு பெரிய குழப்பம் கான்ஃபிக் கோப்பால், அதாவது எந்த ப்ளகின்கள் ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பால், வருவது. பழைய கார்டின் உள்ளடக்கத்தை அப்படியே புதிதுக்கு நகலெடுக்கும்போது அந்தக் கோப்பு இருக்கும் டாய் (tai) கோப்புறையும் கூடவே வந்துவிடும். உள் நினைவகத்தில் ஒன்று, கார்டில் ஒன்று என்று இரண்டு இருந்தால் வீட்டா கார்டில் உள்ளதைத்தான் எடுக்கும். நீங்கள் உள்ளே இருப்பதைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், எதுவும் மாறாது. உள் நினைவகத்தில் உள்ளதை வைத்துக்கொண்டு கார்டில் உள்ளதை அழித்துவிடுங்கள். இங்கே கார்டை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்ய வேண்டும், பிஎஸ்பிக்கு நேர் எதிர்.

சிப் இல்லாததால் வீட்டா அடாப்டரில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான்: கார்டு உள்ளே ஆடாமல் நிற்கிறதா, தொடுமுனைகள் நேராக இருக்கின்றனவா, ஸ்லாட்டின் மூடி முழுதாக மூடுகிறதா, திரும்ப வெளியே எடுக்க முடிகிறதா. கடைசியானதில் சந்தேகம் இருந்தால் முனையில் ஒரு சின்ன டேப் வால் ஒட்டிவிட்டுச் செருகுங்கள். கருவியை முழுதாக அணைத்த பிறகே போடவும் எடுக்கவும் வேண்டும். அது உள்ளே இருக்கும்வரை உங்கள் நிஜ கேம் கார்டுகளுக்கு இடமில்லை என்பதையும் வாங்கும் முன்பே யோசியுங்கள், அலமாரி நிறைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு இது நல்ல பேரம் இல்லை.

மற்றவர்களின் மதிப்புரையை நம்பி வாங்கும்போது தேதியைப் பாருங்கள். ஒரே படம், ஒரே பெயர், ஆனால் உள்ளே வரும் சிப்போ வார்ப்போ ஒவ்வொரு சரக்கிலும் மாறலாம், பழைய பாராட்டு இன்று வரும் பொட்டலத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை. எந்த மாடல் கன்சோல், எந்த ஃபர்ம்வேர், எந்தக் கார்டு, எத்தனை ஜிபி நிரப்பிப் பார்த்தார் என்று எழுதாத மதிப்புரையைத் தாண்டிப் போங்கள். வாங்கிய பிறகு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நிரப்பும் சோதனையையும் உறக்கச் சோதனையையும் முடித்துவிடுங்கள், அதுவரை பழைய ஸ்டிக்கில் உள்ள சேவ்களை அழிக்காதீர்கள்.