இத்தாலியில் சாப்பிட உட்காரும் முன்

மதியம் மூன்றரை மணிக்குப் பசியோடு இத்தாலிய உணவகத்தில் நுழைந்தால், நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். மதியச் சாப்பாடு 12.30 முதல் 2.30 வரைதான். இரவுக்குச் சமையலறை 7.30-க்கு மேல் திறக்கும். தெற்கே போகப் போக ஊர்க்காரர்கள் சாப்பிட வருவதே எட்டரை, ஒன்பதுக்குத்தான். இடையில் பசித்தால் 'பார்' என்ற பலகையைத் தேடுங்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நம்மூர் டீக்கடை போலத்தான்: காபி, பன், சாண்ட்விச் எல்லாம் கிடைக்கும். ரோமில் 'பிட்சா அல் தாலியோ' கடைகளும் கைகொடுக்கும். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் அந்த அளவுக்கு வெட்டி, எடை போட்டுத் தருவார்கள்.

உணவகத்தில் காலி மேசையைப் பார்த்ததும் நாமாகப் போய் உட்காரக் கூடாது. வாசலில் நின்று எத்தனை பேர் என்று விரலால் காட்டினால் போதும். வெள்ளி, சனி இரவுகளில் முன்பதிவு இல்லாமல் நல்ல கடையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது பில். நம்மவர்கள் அதிகம் சண்டை போடுவது 'கோப்பெர்தோ' என்ற கட்டணத்துக்காக. மேசையில் உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்குமாகத் தலைக்கு 1 முதல் 3 யூரோ வரை வாங்குவார்கள். ரொட்டியைத் தொடாவிட்டாலும் இது உண்டு. மெனுவின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், போட்டிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் மட்டும் 2006-இல் வந்த சட்டம் கோப்பெர்தோவைத் தடை செய்கிறது. அதனால் அங்கே 'பானே', அதாவது ரொட்டி, என்ற பெயரில் பில்லில் ஏறும். ரொட்டி வேண்டாம் என்றால் கூடையை வைக்கும்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தண்ணீரும் காசுதான். குழாய்த் தண்ணீரை ஜாடியில் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. சாதாத் தண்ணீருக்கு 'நாத்துராலே', சோடா போல் பொங்குவதற்கு 'ஃப்ரித்ஸாந்தே' என்று கேட்க வேண்டும். நான்கு பேர் போய், கோப்பெர்தோ தலைக்கு 2.50, மூன்று யூரோ பாட்டில் இரண்டு என்றால், சாப்பாடு வரும் முன்பே 16 யூரோ ஏறிவிடும். வெனிஸ் போன்ற ஊர்களில் 'செர்வித்ஸியோ' (சேவைக் கட்டணம்) என்று 10 முதல் 15 சதவீதம் தனியாகச் சேர்ப்பதும் உண்டு. அப்படியிருந்தால் டிப்ஸ் தேவையே இல்லை. இல்லாவிட்டாலும் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வரலாம்.

உண்மையில் கையைக் கடிப்பது 'எத்தோ'. மீன், மாட்டிறைச்சி ஸ்டேக் போன்றவற்றின் விலைக்குப் பக்கத்தில் இந்தச் சொல் இருந்தால், அது தட்டின் விலை அல்ல, 100 கிராமின் விலை. எத்தோவுக்கு 7 யூரோ என்று போட்ட மீன் 800 கிராம் இருந்தால் 56 யூரோ. தலை, முள் உட்பட, சமைக்கும் முன் போட்ட எடை அது. முழு மீனைத் தட்டில் வைத்துக் காட்டுவார்கள். தலையாட்டும் முன் 'க்வான்தோ பேஸா?' (எடை எவ்வளவு?) என்று கேட்டு, அங்கேயே பெருக்கிப் பாருங்கள். ஃப்ளோரன்ஸின் பெயர்பெற்ற எலும்பு ஸ்டேக் ஒரு கிலோவுக்குக் குறைந்து வருவது அபூர்வம். தனி ஆளுக்கு அது ஆகாது. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் உறைய வைத்த சரக்கு என்று அர்த்தம்.

மெனுவில் அந்திபாஸ்தோ (தொடக்கத்துக்குக் கொறிக்க), ப்ரீமோ (முதல் தட்டு), செகோந்தோ (இரண்டாம் தட்டு), கொந்தோர்னோ (தொட்டுக்கொள்ள), தோல்ச்சே (இனிப்பு) என்று வரிசை இருக்கும். எல்லாம் வாங்கத் தேவையில்லை, ஆளுக்கு ஒன்றிரண்டு போதும். பாஸ்தாவும், சாற்றில் குழைய வேகவைத்த அரிசியான ரிசொத்தோவும் ப்ரீமோ. செகோந்தோவில் கறியோ மீனோ தட்டில் தனியாக வந்து நிற்கும். காய்கறி வேண்டுமானால் கொந்தோர்னோவில் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் ப்ரீமோவும் மற்றவர் செகோந்தோவும் சொன்னால் வெவ்வேறு நேரத்தில் வரும், ஒருவர் சாப்பிட மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சேர்ந்து வேண்டுமென்றால் 'தூத்தோ இன்சியேமே' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிட்சா ஆளுக்கு ஒன்று, வெட்டாமல் முழுசாக வரும். பங்கு போட்டுச் சாப்பிடக் கூடுதல் தட்டு கேட்கலாம், ஆனால் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். 2023-இல் கோமோ ஏரிக்கரைக் கடை ஒன்றில் சாண்ட்விச்சை இரண்டாக வெட்டியதற்கு 2 யூரோ போட்டது உலகச் செய்தியானது.

சைவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான் உறைய வைக்க வேண்டும் என்பது அதன் விதி. பெக்கொரீனோ ரொமானோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். துளசி வகை இலையை அரைத்த, பச்சைப் பசேலென்ற பெஸ்தோவிலும் இந்த சீஸ்கள் உண்டு. காய்கறி ரிசொத்தோ என்று எழுதியிருந்தாலும் அரிசி வெந்தது இறைச்சிச் சாற்றில் என்றிருக்கலாம், 'ப்ரோதோ வெஜெதாலே?' (காய்கறிச் சாறா?) என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீரையோடு வரும் தெற்கத்திப் பாஸ்தாவில் நெத்திலி கரைந்திருக்கும், ரொமான்யா வட்டாரத்தின் பியதீனா ரொட்டியில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கும், பன்ன கொத்தா என்ற பாலேட்டு இனிப்பில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். முட்டை சாப்பிடாதவர்கள் தாலியத்தெல்லே, ரவியோலி போன்ற புதுப் பாஸ்தாவைத் தவிர்த்து, ஸ்பகெத்தி, பென்னே போன்ற காய்ந்த பாஸ்தாவைக் கேட்கலாம்.

மெனுவில் பெயர்களுக்குப் பக்கத்தில் சின்ன எண்கள் இருந்தால் அவை ஐரோப்பிய விதிப்படியான 14 ஒவ்வாமைப் பொருள்களைக் குறிக்கும். முட்டை, மீன், பால் அதில் அடங்கும். இறைச்சி அடங்காது, ஆகவே எண்களை மட்டும் நம்பிவிட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவை: மரினாரா பிட்சா (தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், சீஸே கிடையாது), 'ஆலியோ ஓலியோ' (பூண்டு, எண்ணெய்) ஸ்பகெத்தி, காரமான 'அர்ராபியாதா' பென்னே. பின்னிரண்டுக்கும் 'சென்ட்சா ஃபொர்மாஜ்ஜோ' (சீஸ் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். காரம் போதவில்லை என்றால் மிளகாய் எண்ணெய் கேளுங்கள்.

மீன் பாஸ்தாவுக்கு சீஸ் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சாப்பிட்ட பிறகு கப்புச்சினோ கேட்டாலும் அதே கதை, அது காலைக்கு உரியது. இரண்டையும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

பாரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. நின்றபடி எஸ்ப்ரெஸோ ஒன்றேகால் யூரோ அளவில் முடியும். வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்து மேசைகளில் அது பல மடங்கு, இசைக்குழு வாசித்தால் அதற்கும் தனிக் கட்டணம். ரயில் நிலையக் கடைகளில் முதலில் 'காஸ்ஸா' என்ற கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் கவுண்டரில் காட்ட வேண்டும்.

உணவகத்தில் பில் தானாக வராது. கேட்கும் முன் நீட்டுவது வாடிக்கையாளரை விரட்டுவது போல என்பதால், கேட்கும் வரை சர்வர் உங்கள் பக்கம் திரும்பமாட்டார். 'இல் கொந்தோ, பெர் ஃபவோரே' என்று சொல்லுங்கள், சில கடைகளில் எழுந்து கல்லாவுக்கே போய்க் கட்ட வேண்டும். ஆளாளுக்குத் தனி பில் கேட்டால் முணுமுணுப்பார்கள். சமமாகப் பிரித்தால் யாருக்கும் சிரமமில்லை. கட்டும் முன் கோப்பெர்தோவின் தலை எண்ணிக்கையையும் எத்தோக் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். தவறு இருந்தால் மெனுவைத் திறந்து அந்த வரியைக் காட்டினால் போதும், குரலை உயர்த்த வேண்டியிருக்காது.